தமிழில் நேரம், மலையாளத்தில் உரிமை, மராத்தியில் விண்வெளி: ‘அவகாசம்’ என்ற ஒரு சொல்

ஒரே சொல் பல இந்திய மொழிகளில் வேறு வேறு பொருளில் வழங்குமா, அப்படி வழங்கினால் அவற்றின் வேர் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘அவகாசம்’ என்ற சொல்லைத்தான் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். அதனிடம் ஒருமுறை நன்றாக ஏமாந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த புதிதில் மலையாளத்தில் எழுதப்பட்ட ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தமிழாக்க நேர்ந்தது. ‘ஈ வஸ்துவில் மற்றார்க்கும் அவகாசமில்ல’ என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவுடன் எல்லாம் தெரிந்த சொற்களாகவே தோன்றியதால், அகராதியைத் தொடாமலே ‘இந்தப் பொருளில் வேறு எவருக்கும் அவகாசம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்த்தவர் ‘அவகாசம்’ என்பதைச் சுழித்து, பக்கத்தில் ‘உரிமை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மலையாளத்தில் மனித உரிமை ‘மனுஷ்யாவகாசம்’, வாரிசு ‘அனந்தராவகாசி’, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அங்கே ‘விவராவகாச நியமம்’.

நமக்கோ அவகாசம் என்றால் நேரம்தான். பதில் மனு தாக்கல் செய்ய நான்கு வாரம் அவகாசம் கேட்பதும், கடனை அடைக்கக் கால அவகாசம் தருவதும் நாளிதழ்களில் தினமும் படிப்பவை. தெலுங்கில் அதே சொல் வாய்ப்பையும் சாத்தியத்தையும் குறிப்பதால், வானிலைச் செய்தியில் ‘வர்ஷாலு குரிசே அவகாசம் உந்தி’ என்று சொன்னால் மழை பெய்யக்கூடும் என்று பொருள். மழைக்கு நேரம் இருக்கிறது என்று நாம் புரிந்துகொண்டால் குடையில்லாமல் கிளம்பிவிடுவோம். கன்னடத்திலும் வாய்ப்புதான். இந்தியில் ‘அவ்காஷ்’ என்பது விடுப்பு: கோடை விடுமுறை ‘கிரீஷ்மாவ்காஷ்’, பணி ஓய்வு பெற்றவர் ‘அவ்காஷ் பிராப்த்’. மராத்திக்காரர்கள் இதே சொல்லை விண்வெளிக்கே ஏற்றிவிட்டார்கள்; விண்கலம் அவர்களுக்கு ‘அவகாஷ்யான்’.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். தோன்றுதல், ஒளிர்தல் என்ற பொருளுடைய ‘காஶ்’ என்னும் வடமொழி வினையடியோடு ‘அவ’ என்ற முன்னொட்டு சேர்ந்து பிறந்தது ‘அவகாசம்’. ‘ஆ’ சேர்ந்தால் ஆகாசம், ‘பிர’ சேர்ந்தால் பிரகாசம். மராத்தியில் அவகாசம் விண்வெளியானதில் வியப்பில்லை, அதுவும் ஆகாசமும் உடன்பிறப்புகள். ஆனால் ஓசையை மட்டும் நம்பி உறவு கொண்டாடக் கூடாது. காசநோயில் உள்ள ‘காசம்’ இருமலைக் குறிக்கும் வேறொரு வடசொல். வடமொழியில் இரண்டுக்கும் சகர எழுத்தே வேறு. தமிழில் இரண்டும் ஒரே ‘ச’வுக்குள் அடங்கிவிட்டதால் உறவினர்போல் தெரிகின்றன.

வடமொழியில் அவகாசத்தின் அடிப்படைப் பொருள் இடம், இடைவெளி என்பது. இது எப்படி நேரமாகவும் வாய்ப்பாகவும் உரிமையாகவும் கிளைத்தது என்பதற்கு நம்முடைய ‘இடம்’ என்ற சொல்லையே பார்த்தால் போதும் என்பது என் கருத்து. ‘பேருந்தில் இடம் இல்லை’ என்பதில் அது வெறும் பரப்பு. ‘கல்லூரியில் இடம் கிடைத்தது’ என்பதில் வாய்ப்பு. ‘சட்டத்தில் அதற்கு இடமுண்டு’ என்னும்போது ஏறத்தாழ அனுமதி. அங்கிருந்து உரிமைக்கு ஓரடிதான். சந்தேகத்துக்கு இடமில்லை என்று நாம் சொல்வதை வங்காளிகள் ‘ஷொந்தேஹேர் ஒபொகாஷ் நேய்’ என்பார்கள். நம்முடைய ‘இடம்’ நிற்கும் அதே இடத்தில் அவர்களுடைய அவகாசம் நிற்கிறது. இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி தமிழில் கெடு ஆயிற்று, இந்தியில் விடுமுறை ஆயிற்று. சொத்தில் ஒருவருக்கு உள்ள இடமே மலையாளத்தில் உரிமையாகியிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன்.

ஒரு மொழியில் ஒரு சொல் எந்தப் பொருளில் நிலைக்கிறது என்பது, அங்கே மற்ற இருக்கைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. தமிழில் உரிமை என்ற சொல் அசைக்க முடியாதபடி அமர்ந்திருக்கிறது. அவகாசத்துக்கு அந்த வேலை இங்கே தேவைப்படவில்லை. இந்தியில் உரிமைக்கு ‘அதிகார்’ என்று சொல்கிறார்கள். நமக்கு அதிகாரம் என்றாலே மேலிருந்து கீழே வரும் ஒன்று. அதே சொல்லை இந்திக்காரர் அரசிடம் தகவல் கேட்கும் குடிமகனின் கையில் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பத்திரத்தை ‘உரிமை’ என்று திருத்தி மறுபடி அனுப்பினேன். அது இரண்டாவது முறையும் திரும்பி வந்தது. இந்த முறை சுழிக்கப்பட்டிருந்த சொல் ‘பொருள்’. மலையாளப் பத்திரத்தில் ‘வஸ்து’ என்றால் நிலம்.