வலப்பக்கம் படகு குறைவது பிழையல்ல

கேள்வி: சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் மாதிரியை 1:64 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். வரைபடத்தில் இடப்பக்கம் மூன்று படகுகள், வலப்பக்கம் பின்னால் ஒன்றே ஒன்று. அச்சுப் பிழையா? மேல்தளத்தில் செங்கல் கட்டு ஒன்றும் இருக்கிறது, மரக்கப்பலில் செங்கல் எதற்கு? எந்த ஆண்டின் தோற்றத்தைச் செய்யலாம்?

பதில்: தயவுசெய்து வலப்பக்கம் இன்னும் இரண்டு படகு செய்து சமன்படுத்திவிடாதீர்கள். அந்தக் காலி இடத்தில்தான் கப்பலின் முக்கால்வாசி வேலையும் நடந்தது. கொன்ற திமிங்கிலத்தை இழுத்துவந்து, வால் கப்பலின் முன்பக்கம் பார்க்கும்படி வலப்பக்கத்தில் சங்கிலியால் கட்டுவார்கள். பக்கச்சுவரில் ஓரிடத்தைத் திறந்து, வெளியே பலகை மேடை ஒன்றை இறக்கி, அதில் நின்றபடி நீளக் கைப்பிடி வைத்த வெட்டுக்கருவிகளால் கொழுப்பை அறுப்பார்கள். நடுப்பாய்மரத்தில் கட்டிய கப்பிகள் அதைப் பட்டை பட்டையாக உரித்து மேலே தூக்கும், ஆரஞ்சுத் தோல் உரிப்பதுபோல. அந்த இடத்தில் படகு தொங்கினால் ஒன்றும் நடக்காது. சில கப்பல்களில் படகுகள் கூடுதலாக இருந்தன, ஆனாலும் இந்த நடுப்பகுதியை அடைக்கமாட்டார்கள்.

சரி, செங்கல். அது அடுப்புதான். முன்பாய்மரத்துக்குப் பின்னால் கட்டி, இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகளைப் பதித்து, கொழுப்பை நடுக்கடலிலேயே உருக்கி எண்ணெயாக்கினார்கள். கீழே மரத்தளம் தீப்பிடிக்காமல் இருக்க அடுப்புக்கடியில் தண்ணீர் நிற்கும் தொட்டி உண்டு, மாதிரியில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். முதலில் விறகு, அப்புறம் எண்ணெய் வடிந்தபின் மிஞ்சும் கொழுப்புச் சக்கையே எரிபொருள், அதனால் வேண்டிய விறகு குறைந்தது. அந்தக் கரும்புகை பாய்களில் படியும். பாய்களைப் பளிச்சென்ற வெள்ளையாக விட்டால் இன்னும் வேட்டைக்கே போகாத கப்பல் போலிருக்கும், கொஞ்சம் கரி பூசுங்கள்.

எந்த ஆண்டு என்பதை மட்டும் பாய்மரம் நடுவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். மார்கன் 1841இல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் நீரில் இறங்கியபோது மூன்று பாய்மரங்களிலும் குறுக்குப் பாய்கள் இருந்தன, பின்னாளில் கடைசிப் பாய்மரத்திலிருந்த குறுக்குப் பாய்களை எடுத்துவிட்டார்கள். பாயேற்ற ஆள் குறைவாகப் போதும், படகுகள் வேட்டைக்குப் போனபின் கப்பலில் மிஞ்சுவது சில பேர்தானே. நமக்குக் கிடைக்கும் புகைப்படங்களில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பிந்தைய தோற்றம். 1841ஐச் செய்ய நினைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்துக் கயிறு கட்டினால் இரண்டும் கலந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிந்தையதையே எடுப்பேன், சரிபார்க்கப் படங்கள் நிறைய இருக்கின்றன.

இந்தக் கப்பல்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1921 வரை 80 ஆண்டுகளில் 37 பயணங்கள், கொண்டுவந்தது 54,483 பீப்பாய் எண்ணெய். அதன் பின்னால் எத்தனை உயிர்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. 1941 முதல் கனெக்டிகட்டின் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் நிற்கிறது, பெரிய சீரமைப்புக்குப் பிறகு 2014இல் 38ஆவது முறையாகக் கடலுக்குப் போய், இந்தத் தடவை திமிங்கிலங்களைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பியது.

படகுகளைச் செய்யும்போது இரண்டு முனையும் கூராக இருக்கட்டும், ஈட்டி பாய்ந்ததும் திருப்பாமலே பின்னோக்கித் துடுப்பு போட அந்த வடிவம்தான் உதவியது. ஒரு படகுக்கு ஆறு பேர், ஐந்து துடுப்பு, பின்னால் திசைதிருப்ப நீளத் துடுப்பு ஒன்று. நிஜத்தில் ஏறத்தாழ 28 அடி, உங்கள் அளவில் 13 செ.மீ. வரும். பாய்மர உச்சியில் காவலாள் சாய்ந்து நிற்க இரும்பு வளையங்கள் உண்டு, அவற்றுக்கு மெல்லிய செப்புக் கம்பியே போதும்.