நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியும் கமலா ஹாரிஸ் 2024இல் தோற்றது எப்படி? அமெரிக்க அதிபர் தேர்தலில் பிரசாரத்தால் என்னதான் ஆகும்?

பென்சில்வேனியாவின் கிழக்கு ஓரத்தில், டெலவேர் ஆற்றங்கரையில் இருக்கும் ஈஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். 2024 செப்டம்பர் தொடங்கி நவம்பர் 5 வரை, அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் அப்போது பைடனின் துணை அதிபருமாக இருந்த ஹாரிஸுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டேன். தோற்ற பக்கத்தில் நின்றவள் எழுதும் பதில் இது.

எங்கள் நார்த்தாம்ப்டன் கவுண்டி (மாவட்டம் போன்றது) 2008இலும் 2012இலும் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டது. 2016இல் டிரம்ப், 2020இல் பைடன், 2024இல் மறுபடி டிரம்ப். இப்படி மாறி மாறிப் போடும் இடங்கள் அமெரிக்காவில் மிகக் குறைவு. அதிபரை முடிவு செய்வது மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்ட தேர்வாளர் வாக்குகள். மொத்தம் 538. 270 கிடைத்தால் வெற்றி. மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் எல்லாம் அவருக்கே. அதனால் கலிபோர்னியாவில் எத்தனை லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் கூடுதல் பலன் கிடையாது. 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக வாங்கியும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து அவர் கோட்டைவிட்டது சுமார் 78 ஆயிரம் ஓட்டு.

ஆகவே பணத்தைவிட அரிதானது வேட்பாளரின் நாள்கள். 1960இல் நிக்சன் ஐம்பது மாநிலங்களுக்கும் போவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முழங்கால் நோயால் இடையில் மருத்துவமனையில் கிடந்தும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மூன்றே தேர்வாளர் வாக்குகள் உள்ள அலாஸ்காவுக்குப் பறந்தார். 27 வாக்குகள் கொண்ட இல்லினாய், சுமார் 9 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் கென்னடிக்குப் போனது. கிளின்டன் தன் கட்சியின் வேட்பாளரான பிறகு விஸ்கான்சினுக்கு ஒருமுறைகூடப் பிரசாரத்துக்குப் போகவில்லை. அது நம்முடையதுதானே என்ற எண்ணம். அங்கே போயிருந்தால் மட்டும் அதிபராகியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் வீடு என்று நினைத்த இடத்தில் ஓடு சரிவதை அவர்கள் பார்க்கவே இல்லை.

வீடு வீடாகப் போவது மனத்தை மாற்றுவதற்காக என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது அபூர்வம். இங்கே நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம். ஆனால் எந்தெந்தத் தேர்தலில் போட்டீர்கள், எதில் போகவில்லை என்பது பதிவில் இருக்கிறது, கட்சிகள் அதை வாங்கிக்கொள்ளலாம். பென்சில்வேனியாவில் எந்தக் கட்சிக்காரராகப் பதிந்திருக்கிறீர்கள் என்பதும் அதில் உண்டு. என் கைப்பேசியில் வரும் பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் பக்கம் சாய்பவர்கள், ஆனால் ஓட்டுப் போடப் போகாமல் இருந்துவிடக்கூடியவர்கள்.

அக்டோபரில், பக்கத்து நகரமான பெத்லஹேமில் ஒரு வீடு. எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். தபால் ஓட்டுச் சீட்டு வந்துவிட்டதா என்று கேட்டதும் உள்ளே போய், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்ததை அப்படியே எடுத்து வந்தார். “பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிடுகிறேன். எதற்கு இரண்டு உறை?” என்றார். சீட்டை உள் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அதை வெளி உறையில் வைத்துக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். உள் உறையை மறந்தால் ஓட்டு செல்லாது. வாசல்படியில் உட்கார்ந்து, எதை எதற்குள் வைப்பது என்று கையால் காட்டினேன். அதை வாங்கிக்கொண்டுபோய் நான் தபாலில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. தெருமுனைப் பெட்டியைக் காட்டிவிட்டு வந்தேன். இருபது நிமிடம், ஒரு ஓட்டு.

இரண்டு தெரு தள்ளி ஒரு இளைஞர், கிடங்கில் இரவு வேலை முடித்து வந்தவர். எஃகு ஆலை மூடிய பிறகு இந்தப் பகுதியில் பலருக்குக் கிடங்கு வேலைதான். அவர் கோபப்படவில்லை. “பைடனைவிட இவர் எதை வேறு மாதிரி செய்வார்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்” என்றார். முதல் வீடு வாங்குபவர்களுக்கு 25,000 டாலர் உதவி என்ற திட்டத்தைச் சொன்னேன். “வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போதும் அவர் அங்கேதானே இருக்கிறார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அக்டோபர் 8ஆம் தேதி தொலைக்காட்சியில் ஹாரிஸிடமும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். அந்தச் சில நொடிகளை டிரம்ப் தரப்பு விளம்பரமாக்கிவிட்டது.

தேர்தல் இந்த இடத்தில்தான் போனது என்பது என் எண்ணம். 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டது, நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு. பிறகு வேகம் குறைந்தது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை. 1980இல் கிளீவ்லாந்து விவாதத்தில் ரீகன், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைப் பார்த்துக் கேட்டார். ஒரு வாரத்தில் அப்போதைய அதிபர் கார்ட்டர் 44 மாநிலங்களை இழந்தார். ஆட்சியில் இருப்பவருக்கு எதிராகக் காற்று வீசும்போது, துணை அதிபர் அந்தக் காற்றிலிருந்து விலகி நிற்பது கடினம். பைடன் ஜூலையில்தான் போட்டியிலிருந்து விலகியதால் ஹாரிஸுக்குக் கிடைத்ததோ 107 நாள். பைடன் ஒரு வருடம் முன்பே ஒதுங்கி, கட்சி முறையாகப் போட்டி நடத்தி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் அது.

அப்படியானால் நாங்கள் நடந்ததெல்லாம் வீணா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சி. பிரசாரம் அதிகம் நடக்காத மாநிலம். 2020இல் அங்கே பைடன் கிட்டத்தட்ட 16 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்; 2024இல் ஹாரிஸின் வித்தியாசம் 6 புள்ளிதான். பத்துப் புள்ளி சரிவு. இந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் சரிவு மூன்று புள்ளிக்குள் நின்றது. அதே விலைவாசி, அதே வாடகை. இங்கே விளம்பரமும் கூட்டங்களும் எங்களைப் போன்றவர்களின் கால்களும் சேர்ந்து காற்றைக் கொஞ்சம் தடுத்திருக்கின்றன. ஜெயிக்க அது போதவில்லை. சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டில் மாநிலம் கைவிட்டுப் போனது. 2020இன் காற்றுக்கு அந்த உழைப்பு போதுமானதாக இருந்திருக்கும்.

தபால் ஓட்டு வந்து சேர்ந்தவர்களின் பெயர் எங்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பார்த்தபோது அந்த அம்மாவின் பெயர் இல்லை. கிடங்கு இளைஞரின் பெயர் நவம்பர் 5 மாலையிலும் இருந்தது. வாக்குச்சாவடி எட்டு மணிக்கு மூடும். ஏழு மணிக்குப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. யாரும் வந்து திறக்கவில்லை.