பறவைப் பக்கம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இலங்கைப் பயணத்தில் ஒரு நாளைச் சிங்கராஜ வனத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். நானும் மனைவியும் பறவை பார்ப்பதில் புதியவர்கள். கைடு அவசியமா? நாள் எப்படிப் போகும்?

கைடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விட்டாலும் தனியாகப் போகாதீர்கள். மழைக்காட்டில் பறவையைக் கண்ணால் தேடுகிறவர் ஏமாந்து போவார். இலை, அதற்குப் பின்னால் இலை, அதற்கும் பின்னால் இருட்டு. வயல்வெளியில் பத்து வருஷம் பறவை பார்த்தவன் என்ற மிதப்பில் போன நான், முதல் ஒரு மணி நேரத்தில் பார்த்தது இரண்டு அணிலும் ஒரு பல்லியும்தான்.

என்னோடு வந்த கைடு குடாவ பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கொஞ்சம் ஆங்கிலம், அதைவிடக் கொஞ்சம் தமிழ். காலை ஆறு மணிக்கு வெளிச்சம் வரும்போதே நடக்க ஆரம்பித்தோம். வழியெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். மனுஷனுக்கு ஆர்வமே இல்லையோ என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அவர் காதால் பார்த்துக்கொண்டு வருகிறார். ஒரு வளைவில் சட்டென்று நின்று, "சேர், நில்லுங்க. வரும், வரும்" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் நின்றோம். கால் மாற்றி நின்றதற்குக்கூட ஒரு பார்வை பார்த்தார்.

வந்தது ஒரு ஊர்வலம். முதலில் சளசளவென்று தவிட்டுக்குருவிகள். 'ஏழு சகோதரிகள்' என்று நாம் சொல்லும் தோட்டத்துத் தவிட்டுக்குருவியின் சொந்தம்தான், அலகு மட்டும் ஆரஞ்சு. கூடவே கொண்டை வைத்த கரிச்சான், நீள வால் பிளந்து தொங்குகிறது. அவற்றுக்குப் பின்னால் சிலம்பன், சின்னச் சின்னப் பூச்சிபிடிப்பான்கள், மேலே கிளையில் அசையாமல் ஒரு தீக்காக்கை, வயிறெல்லாம் குங்குமச் சிவப்பு. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு அரை மணி நேரம் காட்டில் ஒரு சத்தமில்லை.

இதைக் 'கலப்புக் கூட்டம்' என்பார்கள். பல இனப் பறவைகள் சேர்ந்தே இரை தேடும். சிங்கராஜக் கூட்டங்களை 1980களிலிருந்து ஆராய்ந்துவருகிறார்கள். பேராசிரியர் சரத் கொட்டகம அதில் முக்கியமானவர். தவிட்டுக்குருவி இலையைக் கிளறும்போது பூச்சி கிளம்பும், கரிச்சான் அதைப் பறந்து பிடிக்கும். பதிலுக்கு, பருந்து வந்தால் கரிச்சான் கத்தி எச்சரிக்கும். பெரிய கில்லாடி இந்தக் கரிச்சான். மற்றப் பறவைகளின் குரலில் கூப்பிட்டே அவற்றைக் கூட்டத்துக்கு இழுக்கிறது என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் நாள் இப்படித்தான் போகும்: நிறைய நிற்பீர்கள், கொஞ்சம் நடப்பீர்கள். பதினோரு மணிக்கு மேல் காடு தூங்கிவிடும், நீங்களும் தூங்கலாம். மதியத்துக்கு மேல் மழைக்குத் தயாராக இருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு தேவலை.

கேள்வி: சட்டைப்பையில் அடங்கும் 10×25 பைனாகுலர் வைத்திருக்கிறேன். போதுமா?

வெயிலில் போதும், மழைக்காட்டில் போதாது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். உங்களுடையதில் 2.5 வரும், 8×42 என்றால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். மரநிழலில் உங்கள் கருவியில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கிடைத்தால் 8×42 ஒன்றை இரவல் வாங்குங்கள். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று யாராவது விற்க வந்தால் ஓடிவிடுங்கள். அப்படி ஒன்று என் பரணில் இருக்கிறது, கை நடுக்கத்தையும் சேர்த்து இருபது மடங்காக்கும்.

கேள்வி: அட்டை கடிக்குமாமே?

கடிக்கும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்து நெம்பி எடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம். என் மனைவிக்கு மூன்று, எனக்கு ஒன்று. அவர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

கேள்வி: பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால் உடனே பக்கத்தில் வருகிறதே, அதில் என்ன தப்பு?

உங்கள் வீட்டு வாசலில் முகம் தெரியாத ஒருவன் 'இது என் வீடு' என்று கத்தினால் நீங்களும்தான் வெளியே வருவீர்கள். வந்து சண்டைக்கு நிற்கும் பறவை அந்த நேரம் இரை தேடவில்லை, குஞ்சைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வேறொரு குழு, செம்முகப் பூங்குயிலுக்காக ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. பறவை வரவேயில்லை. எங்கள் கைடு ஒன்றும் சொல்லாமல் எங்களை வேறு பாதையில் கூட்டிப்போனார். முகம் மட்டும் இறுகியிருந்தது.

கேள்வி: என் நண்பர் அதே காட்டில் ஒரே நாளில் 52 வகை பார்த்தாராம். நீங்கள் எத்தனை?

முப்பத்தொன்று. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான்கு மணி இருக்கும், தூறல். கைடு எங்களைப் பாதையோரம் நிறுத்திவிட்டு ஒரு பள்ளத்தில் இறங்கினார். கால் மணி நேரம் ஆளைக் காணோம். பிறகு கை மட்டும் தெரிந்தது, வா என்று. பெரணிப் புதருக்குள், என் இடுப்பு உயரத்தில், காய்ந்த இலைச் சருகு மாதிரி ஏதோ ஒன்று. செம்பழுப்பு உடம்பு, அதில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளி. ஒரு சாண்கூட இருக்காது. அது ஒரு கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தபோதுதான் ஆந்தை என்றே தெரிந்தது. செரண்டிப் ஆந்தை. இதன் குரலை மட்டும் கேட்டு, அது யாருடையது என்று புரியாமல் பறவையியலாளர் தீபால் வரகாகொட பல வருஷம் தேடி, 2001இல்தான் நேரில் பார்த்தார். 2004இல் புது இனமாக அறிவித்தார்கள். இலங்கையில் அதற்கு முன்னால் அறிவியலுக்குப் புதிதாக ஒரு பறவை கிடைத்தது 1868இல்.

கேமராவை எடுக்கப் போனேன். கைடு என் மணிக்கட்டைத் தொட்டு, "சேர், ஃபிளாஷ் வேணாம்" என்றார். இரண்டு நிமிஷம்தான், அப்புறம் பின்னால் நகர்த்திவிட்டார். மேலே ஏறி வந்ததும் அவர் காலைப் பார்த்தேன். வெறும் ரப்பர் செருப்பு, ஆறு அட்டை.

உங்கள் நண்பரின் 52இல் இந்த ஆந்தை இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.