கட்டாத பட்டு இற்றுப்போகும்

கேள்வி: எனக்கு வயது 33. பள்ளி ஆசிரியை. இன்ஸ்டாகிராமில் வருகிற புது டிசைன்களைப் பார்த்துப் பார்த்து வாங்கியதில் பீரோ நிறைந்துவிட்டது. ஆனாலும் எனக்கென்று ஒரு ஸ்டைல் இருப்பதாகத் தெரியவில்லை. கட்டினதையே கட்டிப் போனால் “என்ன, ரிப்பீட்டா?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அடுத்த மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. டிரெண்டைப் பின்பற்றுவது தவறா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: டிரெண்ட் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது அந்த ‘ரிப்பீட்’. ஒரு சேலையை இரண்டாவது தடவை கட்டினால் கேள்வி கேட்கலாம் என்கிற துணிச்சல் நம் வீட்டு விசேஷங்களுக்குள் எப்போது வந்தது? துவைத்து, உலர்த்தி, மறுபடி உடுத்தத்தானே துணி நெய்கிறார்கள்?

காஞ்சிபுரத்தில் ஒரு தறியின் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரிக் கோத்துத் தொங்கும். நெய்ய நெய்ய ஒவ்வோர் அட்டையாக நகரும். கடைசி அட்டை போனதும் முதல் அட்டை திரும்ப வரும். அது திரும்பி வந்தால்தான் கரையில் அடுத்த மயில் உட்காரும். பாட்டிலும் அப்படித்தான். நிரவல் என்று ஒரே வரியை எடுத்துக்கொண்டு பாடகர் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவார். எட்டாவது தடவை அதே வரி வரும்போதுதான் பக்கத்து இருக்கைக்காரர் “ஆகா” என்பார்.

எம்.எஸ். சுப்புலட்சுமியை நினைத்ததும் கண்முன் வருவது என்ன? இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி, தலையில் மல்லிகை, காஞ்சிபுரம் பட்டு. அவருக்காகக் காஞ்சிபுரத்து முத்து செட்டியார் உருவாக்கிய நீலத்துக்கு ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே பெயர் நின்றுவிட்டது. கடையில் போய் அந்தப் பெயரைச் சொல்லி அந்தக் கலரைக் கேட்டு வாங்கினார்கள் பெண்கள். கொல்கத்தாவின் டிரிங்காஸில், இரவு விடுதி மேடையில், காஞ்சிபுரம் கட்டி, பெரிய பொட்டு வைத்து மேற்கத்தியப் பாட்டுப் பாடினார் உஷா உதுப். அவரும் அதை இன்றுவரை விடவில்லை. தனக்குப் பொருந்துவது எது என்று கண்டுபிடித்து அதிலேயே நின்றார்கள். பார்த்தவர்களுக்குப் பிடித்தது, பின்னால் வந்தார்கள். டிரெண்ட் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இப்படி யாரோ ஒருவருடைய ரிப்பீட்டில் பிறந்ததுதான்.

இன்னொன்று சொல்கிறேன். 1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டுவிட்டு இடுப்பில் முழத்துண்டோடு வெளியே வந்தார். அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பேன் என்றுதான் முதலில் அறிவித்தார். 1948-ல் இறக்கும்வரை அதுதான் அவர் உடை. அவர் தலையிலிருந்து எடுத்துவிட்ட பிறகும் அந்தத் தொப்பி ‘காந்தித் தொப்பி’யாக நாடெல்லாம் ஓடியது! ஒரு உடையை யோசித்து எடுப்பதும் யோசித்து விடுவதும் எவ்வளவு பெரிய காரியம் என்று மேலமாசி வீதி வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சரி, உங்கள் பீரோவுக்கு வருவோம். அதற்கு முன்னால் என் அத்தையின் டிரங்குப் பெட்டி. அத்தை போன பிறகு நாங்கள் அதைத் திறந்தோம். உள்ளே இரண்டு பட்டு. ஒன்று பாட்டில் பச்சை, அகல ஜரிகை, கல்யாணத்தன்று ஒரே ஒரு தடவை கட்டி, ‘நல்லதாச்சே’ என்று எடுத்து வைத்தது. அதைத் தூக்கினேன், மடித்த இடத்திலேயே கோடு போட்டமாதிரி விட்டுக்கொண்டது. நாலாக மடித்திருந்தார்கள், நாலு கிழிசல். இன்னொன்று அரக்கு. எங்கள் வீட்டுக் காதுகுத்து, புதுமனை புகுவிழா, எல்லா போட்டோவிலும் அத்தை அதில்தான் நிற்பார். ஜரிகை கொஞ்சம் கறுத்திருந்தது. துணி மட்டும் வெண்ணெய் மாதிரி இருந்தது, ஓர் இழை விடவில்லை. பட்டு அப்படித்தான். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் ஜரிகையின் கனத்தில் மடிப்போடு இற்றுப்போகும். கட்டி அவிழ்த்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மாற்றி வைத்தால் நிற்கும். உங்கள் சொந்தக்காரர்கள் கேலி செய்கிற அந்த ரிப்பீட்தான் சேலைக்கு உயிர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பீரோவைத் திறந்து, இந்த ஒரு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் கட்டியவற்றை மட்டும் கட்டிலில் எடுத்துப் போடுங்கள். ஐந்தாறு தேறும். தள்ளி நின்று பாருங்கள். ஒரே சாயலில் கலர் இருக்கலாம், எல்லாம் சின்னக் கரையாக இருக்கலாம், எல்லாமே பருத்தியாக இருக்கலாம். எனக்கென்று ஸ்டைல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்தக் கட்டிலில் கிடக்கிறது. உங்கள் கை அதைத் தேடித் தேடி எடுத்திருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை.

அப்புறம் உங்கள் தொழில். நாள் முழுக்க நின்றுகொண்டு பாடம் எடுப்பவர் நீங்கள். போர்டில் எழுதக் கை தூக்கினால் அக்குளில் இழுக்கிற ஜாக்கெட் எவ்வளவு பெரிய டிரெண்டாக இருந்தால் என்ன? தையல்காரரிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே கையைத் தூக்கிக் காட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள், நாளைக்குப் பிரித்துவிடலாம். பஃப் கை திரும்ப வந்திருக்கிறதா? தாராளமாகத் தைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அரை மீட்டர் துணியோடு போகும். ஆனால் சேலையைவிட அதிக விலைக்கு முதுகு நிறைய ஆரி வேலை செய்கிற ஜாக்கெட்டை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கொஞ்சம் சதை போட்டாலும் பிரிக்க முடியாது, துவைக்க முடியாது. அந்தக் கல்லும் மணியும் உரசி உரசித் தோளில் விழுகிற பட்டை அரித்துவிடும். போன வருஷம் இதே பக்கத்தில் இதைச் சொன்னதற்கு ஒரு கடைக்காரர் கோபமாக மூன்று பக்கம் எழுதினார். முழுக்கப் படித்தேன். பட்டு ஏன் நைந்துபோகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை, ஆகவே திரும்பவும் சொல்கிறேன்.

சுடிதாருக்குப் பாக்கெட் வைக்காமல் விற்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆண் சட்டைக்குக் கேட்காமலே பாக்கெட் வருகிறது. சாக்பீஸ், சாவி, போன் மூன்றையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிற டீச்சருக்கு ஏன் கிடையாது? கேட்டு வாங்குங்கள், கேட்டுத் தையுங்கள்.

‘இந்த சீசன் கலர்’ என்று மூன்று மாதத்துக்கு ஒன்று வருகிறதே, அந்தச் சாயம் எங்கே போகிறது என்று நொய்யல் கரையில் கேட்டால் தெரியும். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்காகக் கட்டிய அணையின் தண்ணீரைப் பயிருக்கு விட முடியாமல் போனது. வழக்குமேல் வழக்காக நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. அந்த விவசாயிகள் யாரும் லாவெண்டர் கேட்கவில்லை. இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் வாட்ஸ்அப் குழுவில் “எல்லாரும் ஒரே கலர்” என்று உத்தரவு போட்டு இருபது வீட்டில் இருபது புதுச் சேலை வாங்க வைக்கிறார்கள். அதன்மேல் எனக்கு இருக்கிற கோபம் தீரவே தீராது.

தவறா என்று கேட்டீர்கள். டிரெண்டைப் பார்ப்பதில் தவறே இல்லை, நானும் ஆசையாகப் பார்க்கிறவள்தான். கட்டிலில் கிடக்கிற அந்த ஐந்தாறு சேலையோடு புதுசு ஒத்துப்போகுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துப்போனால் வாங்குங்கள், இல்லாவிட்டால் மொபைலிலேயே ரசித்துவிட்டு நகருங்கள். வாங்கியே தீரவேண்டும் என்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சின்னாளபட்டி இருக்கிறது. சுங்குடி பாருங்கள். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியதா, அச்சா என்று கேளுங்கள், விரலால் தடவியும் பாருங்கள். கை முடிச்சில் வந்த புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. திண்டுக்கல் வெயிலுக்கும் ஆறு பீரியடுக்கும் அதுபோல் வேறில்லை.

வளைகாப்புக்கு நீங்கள் கடைசியாகக் கட்டிய பட்டையே கட்டிப் போங்கள். யாராவது கேட்டால், “ஆமாம், இது எனக்குப் பிடித்த சேலை” என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் நிழலில் காயவிட்டு, போன தடவை மடித்த கோட்டில் மடிக்காமல் மாற்றி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.