கியர் பாக்ஸை வீட்டிலேயே பிரிக்கலாமா? நெல்லைப் பக்கத்து லாரிக்காரர்கள் கேள்வி பதில்

டாடா 407 மாதிரி சிறிய லாரிகளின் கியர் பாக்ஸை வீட்டு முற்றத்திலேயே இறக்கி வேலை பார்க்க நினைக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இதில் வரும் இடைவெளி அளவுகள் பொதுக் கணக்கு. உங்கள் பெட்டிக்கான சர்வீஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆலங்குளத்திலிருந்து: அண்ணாச்சி, நியூட்ரல்ல நிக்கும்போது கர்ருன்னு ஒரே சத்தம். கிளட்ச்ச மிதிச்சா நின்னுருது. ரிலீஸ் பேரிங்னு சொல்லி மாத்தியாச்சு, சத்தம் போகல. அடுத்து என்ன?

கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்குக்கு வேலையே மிதிக்கும்போதுதான். மிதித்தால் சத்தம் வந்தால் அதையோ, ஃபிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கையோ பார்க்கணும். உங்களுக்கு மிதித்தால் நிற்கிறது. மிதித்ததும் சுற்றாமல் நிற்பது, இன்ஜின் சுற்றைப் பெட்டிக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டும் அதோடு பல் கோத்திருக்கிற அடி ஷாஃப்டும்தான். கோளாறு அந்த இரண்டின் பேரிங்குகளில் இருக்கு.

அதில் எது என்று பிரிக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். டாப் கியர் நேரடி ஓட்டமாக (இன்புட்டிலிருந்து, வெளியே சக்கரத்துக்குப் போகும் மெயின் ஷாஃப்டுக்கு நேராக) உள்ள பெட்டியில், மற்ற கியர்களில் கத்தி டாப்பில் அடங்கினால் அடி ஷாஃப்ட் பேரிங். டாப்பில் பாரம் அந்த ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை, அதனால் அடங்குகிறது. டாப்பிலும் விடாமல் கத்தினால் இன்புட் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல்லோ அடியில் உள்ள ஊசி ரோலரோ (ஊசி மாதிரி மெல்லிய பேரிங் உருளை) போயிருக்கு. இது எதுவும் இல்லாமல் வண்டி வேகத்தோடு மட்டும் சத்தம் ஏறி இறங்கினால் பெட்டியைத் தொடாதீங்க. முதலில், பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங்கையும் பின் ஹவுசிங்கையும் (பின் அச்சில் டிஃபரன்ஷியல் உள்ள கூடு) பாருங்க.

ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்க்கவும் மறக்காதீங்க. காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். தங்கப்பொடி மாதிரி மின்னினால், கியர் விழுமுன் வேகத்தைச் சமமாக்கும் பித்தளை சிங்க்ரோ கோன் கரைகிறது. நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால் அதோடு ஓட்டத்தை நிறுத்திடுங்க.

களக்காட்டிலிருந்து: வாழைத்தார் ஏத்திட்டு வரும்போது ஆக்சிலேட்டர விட்டா மூணாவது கியர் தானா வெளிய துள்ளுது. பந்து ஸ்பிரிங் மட்டும் மாத்துனா போதுமாண்ணே?

சில பெட்டிகளுக்குப் போதும். அதற்கு முன்னால் காசு செலவில்லாத இடத்தையெல்லாம் பாருங்க. இன்ஜின் மவுண்ட் ரப்பர் நைந்திருக்கா, பெல் ஹவுசிங் போல்ட் தளர்ந்திருக்கா, லிவர் முழுசா போய் உட்காருதா என்று பார்த்துட்டு மேல் மூடியைக் கழற்றுங்க. கியரை இடத்தில் பிடித்து வைக்கும் பந்துகளின் ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி வைத்தால் குட்டையானது தெரிந்துவிடும். ஃபோர்க்கை நகர்த்தும் செலக்டர் ராடில் பந்து உட்காரும் பள்ளத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் ராடும் மாற்றணும்.

அடுத்தது ஃபோர்க், அதாவது கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவ் வளையத்தைத் தள்ளும் கவை. அது ஸ்லீவ் பள்ளத்துக்குள் எவ்வளவு ஆடுகிறது என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பாருங்க. புதுசில் 0.2, 0.3 மி.மீ. அளவில் இருக்கும். 1 மி.மீ. நெருங்கிவிட்டால் கியர் பாதிப் பல்லில்தான் நிற்கும்.

இவையெல்லாம் சரி என்றால் கோளாறு பல்லிலேயே இருக்கு. ஸ்லீவிலும் கியர் ஓரத்துச் சின்னப் பல்லிலும் பின்பக்கம் லேசான சரிவு வெட்டியிருப்பார்கள். பாரம் ஏறஏற ஒன்றை ஒன்று உள்ளே இழுத்துப் பிடிப்பது அந்தச் சரிவால்தான். அது தேய்ந்து எதிர்ப்பக்கம் சரிந்துவிட்டால் அதே பாரம் வெளியே தள்ளும். அரம் போட்டுச் சரி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீங்க. கடினப்படுத்திய மேல்தோல் கனம் குறைவு, அது போனால் உள்ளே மெதுவான இரும்பு. கியரையும், ஸ்லீவையும் அது ஓடும் நடு ஹப்பையும் சேர்த்தே மாற்றணும். பழைய ஸ்லீவில் புதுக் கியர் போட்டால் காசுக்குக் கேடு.

லிவரை டியூப் ரப்பர் போட்டு இழுத்துக் கட்டி ஓட்டுகிற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. கட்டிய நேரம் முழுக்க ஃபோர்க் ஸ்லீவில் அழுந்தி உரசும். துள்ளல் நிற்காது, ஃபோர்க்கும் கருகும்.

திசையன்விளையிலிருந்து: வண்டி எங்களோடது. வீட்டு முன்னாலயே இறக்கலாம்னு தம்பி சொல்லுதான். எதுல கவனமா இருக்கச் சொல்லணும் அண்ணாச்சி?

முதலில் தரை, அக்கா. உங்க பக்கம் தேரி மண்ணில் ஜாக்கி வைத்தால் புதையும். சிமெண்ட் தளம் இல்லையென்றால் கனமான இரும்புத் தகடு போட்டு அதன்மேல் ஸ்டாண்ட் வைக்கச் சொல்லுங்க. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்கக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். சக்கரத்துக்கு அடைக்கட்டை போட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் அடியில் போகணும்.

புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் ஃபிளாஞ்சிலும் ஸ்லிப் ஜாயிண்டிலும் பெயிண்ட் கோடு போடச் சொல்லுங்க. ஒரு பல் மாறி மாட்டினாலும் வண்டி உதறும். பெட்டியை வெளியே இழுக்கும்போது அதன் எடை ஒரு நொடிகூட கிளட்ச் பிளேட்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் பிளேட் ஹப் வளையும். பிறகு புதுப் பெட்டியே போட்டாலும் கிளட்ச் முழுசா விடாது. அடியில் ஜாக்கி, மேலே செயின் பிளாக், ஆள் இரண்டு பேர். ஆனி, ஆடிக் காற்றில் திறந்தவெளியில் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். இறக்கியதும் உள் அறைக்குக் கொண்டுபோயிடுங்க.

வள்ளியூரிலிருந்து: பிரிக்கும்போது எந்த வரிசைல போகணும்? திரும்ப மாட்டுறப்ப குழம்பிருமோன்னு பயமா இருக்கு.

நியூட்ரலில் வைத்து மேல் மூடியை எடுங்க. ராடுகளை உருவும்போது துளை மேல் துணியைப் போட்டுக்கோங்க. பந்தும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும். ராடுகளுக்கு நடுவே குட்டி இன்டர்லாக் பின் இருக்கும். அது இரண்டு கியர் ஒரே சமயத்தில் விழாமல் தடுப்பது. எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதி வைங்க.

மெயின் ஷாஃப்டை உருவுமுன் ஒவ்வொரு கியருக்கும் பக்கவாட்டு ஆட்டத்தை ஃபீலர் கேஜில் அளந்து குறிங்க. பிரித்த பிறகு இந்த அளவு கிடைக்காது. எந்த வாஷர் தேய்ந்தது, எந்த ஷிம் (மெல்லிய இடைவெளித் தகடு) மாற்றணும் என்பதெல்லாம் இதை வைத்துத்தான். ஹப்பிலும் ஸ்லீவிலும் ஒரே நேர்கோட்டில் குறி போட்டுட்டுப் பிரிங்க, அதே பல்லில்தான் திரும்ப உட்காரணும். கழற்றுகிற ஒவ்வொன்றையும் வந்த வரிசையிலேயே, வந்த பக்கம் மாறாமல், ஒரு கம்பியில் கோத்துட்டே போங்க. போனில் படமும் எடுங்க.

அடி ஷாஃப்டில் ஊசி ரோலர் இருந்தால் எண்ணி வைங்க. மாட்டும்போது கிரீஸ் வைத்து ஒட்டி, அதே கனத்தில் ஒரு குட்டைக் கட்டை ஷாஃப்ட் கடைந்து உள்ளே விட்டுப் பெட்டியில் இறக்கணும். உண்மையான ஷாஃப்டைத் தள்ளத்தள்ளக் கட்டை மறுபக்கம் வந்துவிடும். கழற்றிய சர்க்லிப்பை (பூட்டு வளையம்) மறுபடி போடாதீங்க.

அம்பாசமுத்திரத்திலிருந்து: புது கோன் போட்டும் ரெண்டு, மூணு கியர் விழும்போது பல் உரசுது.

கோன் புதுசு, அது உட்காரும் கியரின் சரிவு பழசு. அது கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் கோன் வழுக்கும், பிடிக்காது. மெல்லிய எமரித் தாளால் லேசாகப் பளபளப்பை எடுக்கலாம். வால்வு பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கோனுக்குள் உள்ள நுண் மரை போய்விடும், ஆயிலை வழித்துத் தள்ளுவதே அந்த மரைதான்.

கோனைக் கியரில் கையால் அழுத்திப் பிடித்து, கோன் பல்லுக்கும் கியர் பல்லுக்கும் நடுவே மூன்று இடத்தில் அளங்க. புதுசில் 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கும். 0.5-க்குக் கீழே போனால் அந்த ஜோடி பயன்படாது. அழுத்தித் திருப்பினால் கோன் கவ்வணும். வளையக் கம்பி ஸ்பிரிங் உள்ள பெட்டியில் இரண்டு ஸ்பிரிங்கின் முனையும் ஒரே சாவியில் (ஹப்பில் உட்காரும் சிறு கட்டை) மாட்டியிருந்தாலும் இந்த உரசல் வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை: ஐடிலில் கிளட்ச்சை மிதித்து ஐந்து நொடி கழித்து ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் உரசினால் கிளட்ச் விடவில்லை. கோன் மேல் பழி போடாதீங்க.

மேலப்பாளையத்திலிருந்து: 6308 பேரிங் ரெண்டு விலை சொல்லுதாங்க. எத வாங்க?

6308 என்பது உள் விட்டம் 40, வெளி விட்டம் 90, கனம் 23 மி.மீ. அவ்வளவுதான். பின்னால் உள்ள எழுத்தையும் பாருங்க. ‘என்’ (N) என்றால் வெளி வளையத்தில் லாக் பள்ளம் உண்டு, ‘என்ஆர்’ (NR) என்றால் லாக் வளையமும் சேர்ந்து வரும். சி3 என்றால் உள் ஆட்டம் கொஞ்சம் கூடுதல். சூடேறும் இடத்துக்காக அப்படி வைத்திருப்பார்கள். பழசில் இருந்த எழுத்தே புதுசிலும் இருக்கணும்.

சம்மட்டியால் அடித்து ஏற்றாதீங்க. ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழணும். வெளி வளையத்தில் தட்டினால் குண்டு பள்ளம் விழுந்து, புது பேரிங்கே முதல் நாளே கத்தும். எண்ணெயில் 90, 100 டிகிரிக்குச் சூடாக்கினால் தானாக இறங்கும், 120-ஐத் தாண்ட விடாதீங்க. இறுக்கம் அதிகம் என்றால் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குப் பேட்டைக்குக் கொண்டுபோங்க. வீட்டில் செய்யக் கூடாத வேலை இது ஒன்றுதான்.

நாங்குநேரியிலிருந்து: என்ன ஆயில், எவ்வளவு?

புத்தகம் வேறு சொல்லாவிட்டால் 80டபிள்யூ-90 கெட்டித்தன்மையில், ஜிஎல்-4 தர ஆயில். பின் ஹவுசிங்குக்கு வாங்கிய ஜிஎல்-5 மிச்சமிருக்கு என்று இதில் ஊற்றாதீங்க, கோன் வழுக்கும், பித்தளைக்கும் ஆகாது. சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளை விளிம்பில் வழியும்போது நிறுத்துங்க. கூடினால் சீல் வழியாக கிளட்ச்சுக்கு வரும். பெட்டிக் காற்று வெளியேறும் பிரீதர் துளை அடைத்திருந்தாலும் அதே கதிதான். பெட்டி கட்டிய பின் 500 முதல் 1000 கி.மீ.க்குள் முதல் ஆயிலை மாற்றுங்க.

பணகுடியிலிருந்து: மாட்டி முடிச்சு ரெண்டாவது போட்டேன், ஷாஃப்ட் பூட்டிக்கிச்சு. சுத்தவே மாட்டேங்குது.

இரண்டு கியர் ஒன்றாக விழுந்திருக்கு. இன்டர்லாக் பின் உள்ளே போகலை, இல்லாவிட்டால் ஒரு ஃபோர்க் நியூட்ரலில் இல்லாத நேரத்தில் மூடியை வைத்துட்டீங்க. மூடியைத் திறந்தாலே தெரியும். வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்துக்கோங்க.

தென்காசியிலிருந்து: புளியரை ஏத்தத்துல வண்டி நின்னுட்டு. நியூட்ரல் போட்டுக் கட்டி இழுத்துட்டு வந்தா பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?

ஆகும். இன்ஜின் ஓடாதபோது அடி ஷாஃப்ட் சுற்றாது. ஆயிலை மேலே வாரி அடிப்பது அதுதான். பின் சக்கரம் மெயின் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே வரும், மேலே உள்ள ஊசி ரோலரும் புஷ்ஷும் ஆயில் இல்லாமல் கருகும். ரோட்டோரம் ஒதுக்குகிற தூரம் என்றால் பரவாயில்லை. தென்காசி வரை என்றால் புரொபெல்லர் ஷாஃப்டை ஹவுசிங் பக்கம் கழற்றி, சேசிஸோடு கம்பியால் இறுக்கிக் கட்டிட்டு இழுங்க. ஏர் பிரேக் வண்டியாக இருந்தால் காற்று இல்லாமல் இறக்கத்தில் இழுக்கவே கூடாது.