அறிவிப்புக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2018இல் கல்லூரி முதலாண்டில் இருந்தபோது ‘வோல்ட்ரான்: லெஜண்டரி டிஃபெண்டர்’ அனிமேஷன் தொடரைத் தீவிரமாகப் பார்த்தவன் நான். அதன் நாயகர்களில் ஒருவரான ஷிரோ தன்பாலீர்ப்பாளர் என்று தொடரை உருவாக்கியவர்கள் அறிவித்தபோது விடுதியில் நண்பர்களோடு கொண்டாடினோம். ஆனால் தொடரின் அடுத்த பருவம் (சீசன்) வெளியானபோது, ஷிரோவின் காதலர் ஆடம் சில நிமிடங்கள் தோன்றிவிட்டு இறந்துபோனார். கோபத்தில் அந்தத் தொடரில் வேலை செய்த ஓவியர் ஒருவருக்கு நானும் கடுமையாக எழுதினேன். அண்மையில் தொடரை மறுபடியும் பார்த்தேன். என் கோபம் நியாயமானதுதானா? தன்பாலீர்ப்புப் பாத்திரங்கள் கதையில் இறக்கவே கூடாது என்று ரசிகர்கள் கேட்பது சரியா? சிறுவர்களுக்கான கார்ட்டூனில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் என் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது?

ஆர்.
திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் அண்ணனின் கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். இளவரசனும் இளவரசியும் முத்தமிட்டு முடியும் கார்ட்டூன்களைச் சிறுவயதில் பார்த்தபோது அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இப்போது பதில் சொல்லியிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. நீங்கள் கொண்டாடியது ஒரு காட்சியை அல்ல, ஓர் அறிவிப்பை. படைப்பைப் பற்றிப் படைப்பாளி வெளியே நின்று சொல்வதற்கு என்ன மதிப்பு என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் கதைகளில் வருபவர்களைப் பற்றிக் கூட்டங்களில் கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. கதையில் இல்லாததை மேடையில் கொடுப்பது எழுத்தாளனின் வேலை அல்ல என்பது என் பிடிவாதம்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2018 ஜூலையில் அமெரிக்காவின் சான் டியேகோ காமிக்-கான் ரசிகர் விழாவில் ஏழாம் பருவத்தின் முதல் பகுதியைத் திரையிட்டு ஷிரோவைப் பற்றிய செய்தியைச் சொன்னார்கள். நெட்ஃபிளிக்ஸில் அந்தப் பருவம் வந்தது ஆகஸ்ட் 10 அன்று. இடையிலிருந்த மூன்று வாரங்களில் ரசிகர்கள் ஆடமை வரைந்து தள்ளினார்கள், அவனுக்கு ஒரு வாழ்க்கையை எழுதினார்கள், இருவருக்கும் ஒரு வீட்டையே கட்டிக்கொடுத்தார்கள். திரையில் கிடைத்தது என்ன? தசைகளைத் தின்னும் நோய் இருந்தும் புளூட்டோவின் நிலவான கெர்பெரோஸுக்குப் போயே தீர்வேன் என்று நிற்கும் ஷிரோவோடு ஆடம் மனம் கசந்து பேசும் ஒரு காட்சி. பிறகு பூமியின் மீது படையெடுப்பு நிகழும்போது ஆடமின் விமானம் அழிகிறது. பிற்பாடு பூமிக்குத் திரும்பிவரும் ஷிரோ, இறந்தவர்களின் நினைவுச்சுவரில் ஆடமின் படத்துக்கு முன் சற்றுநேரம் நிற்கிறான். அவ்வளவுதான். விழாவில் சொன்னதைக் கேள்விப்படாத ஒருவர் அந்தக் காட்சிகளைப் பார்த்தால், ஆடமை ஷிரோவின் அறைத்தோழன் என்றோ உடன் பணியாற்றியவன் என்றோ எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். குற்றம் இருப்பது அங்கேதான். ஆடம் இறந்ததில் அல்ல.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’ அனிமேஷன் தொடரின் கடைசிப் பகுதி 2014 டிசம்பர் 19 அன்று வெளியானது. அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அக்கா மகள் மடிக்கணினியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நிமிடத்தில் நாயகி கோராவும் அவள் தோழி அசாமியும் கைகோத்து ஆவியுலகத்தின் வாயிலுக்குள் நடக்கிறார்கள், பொன்னிற ஒளியில் ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்பி, இரு கைகளையும் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள், தொடர் முடிந்துவிடுகிறது. அவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். பிறகு அதே பகுதியில் முன்னால் வரும் வாரிக், ஜூ லி ஜோடியின் கல்யாணக் காட்சிக்குப் பின்னோக்கிப் போய் அங்கேயும் நிறுத்தினாள். “மாமா, கல்யாணத்துல அவங்க நின்ன மாதிரியே இவங்களும் நிக்கறாங்க, பாருங்க” என்றாள். நான் இருபது வருடம் சினிமா பார்த்தும் கவனித்திருக்க மாட்டேன்.

அந்தத் தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் கோனியட்ஸ்கோ, கோராவும் அசாமியும் காதலர்களே என்று டிசம்பர் 22 அன்றே எழுதிவிட்டிருந்தார். தொலைக்காட்சி நிறுவனம் ஆதரவாகவே இருந்தது என்றும் அந்த ஆதரவுக்கும் ஓர் எல்லை இருந்தது என்றும் அதில் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது அப்போது தெரியாது. விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனவளிடம் வகுப்புத் தோழர்கள், “அவங்க ஃப்ரெண்ட்ஸ்தான், நீ கண்டதையும் கற்பனை பண்றே” என்று வாதாடியிருக்கிறார்கள். அவள் அந்தக் குறிப்பைத் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறாள். வாய் மூடியது. அவளுக்கு அந்த அறிவிப்பு தேவைப்படவில்லை, கண் இருந்தது. மறுத்தவர்களுக்காகத்தான் அது தேவைப்பட்டது. என் பிடிவாதத்தை நான் சற்றுத் தளர்த்திக்கொள்ளும் இடம் இது ஒன்றே. படைப்பு முடிந்தபின் வரும் அறிவிப்பு, சரியாகப் பார்த்த வாசகரின் பக்கத்தில் வந்து நிற்கிறது. படைப்புக்கு முன்னால் வரும் அறிவிப்பு வெறும் விளம்பரம். அது படைப்பு செய்ய வேண்டியதைத் தான் செய்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறது. அதன் பிறகு, கேட்டவர்களுக்குக் காட்சி போதாமல் தெரிகிறது. கேளாதவர்களுக்குக் காட்சியே தெரிவதில்லை.

அப்படியானால் ரசிகர்கள் ஏன் அறிவிப்புக்காக இவ்வளவு ஏங்குகிறார்கள்? அந்த ஏக்கத்தை அவர்களிடம் வளர்த்தவர்கள் தணிக்கைக்காரர்கள். ‘செய்லர் மூன்’ ஜப்பானியத் தொடரில் ஹருகா, மிச்சிரு என்ற பெண்கள் இருவரும் காதலர்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒளிபரப்பான ஆங்கில வடிவத்தில் அவர்களைப் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை போன்ற உறவுக்காரிகளாக மாற்றிவிட்டார்கள். வசனத்தைத்தான் மாற்ற முடிந்தது, படத்தில் இருந்த பார்வைகளை மாற்ற முடியவில்லை. ஆகவே உறவுக்காரிகள் இருவர் காதலோடு பார்த்துக்கொள்ளும் விசித்திரத்தை அந்நாட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். (அத்தை மகள், மாமன் மகன் என்றாலே முறை என்று கொள்ளும் நம் ஊரில் அந்தத் தணிக்கைக்காரர் வேலை செய்திருந்தால், உறவைச் சொல்லிக் காதலை மறைக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காது.) ‘அட்வென்ச்சர் டைம்’ தொடரில் மார்செலின் என்ற பெண்ணுக்கும் பபிள்கம் இளவரசிக்கும் இடையில் என்னவோ இருந்தது என்று 2011இல் ஒரு பாட்டு குறிப்புணர்த்தியது, அவர்கள் முத்தமிட்டது 2018 செப்டம்பரில், தொடரின் கடைசிப் பகுதியில். ஏழு ஆண்டுகள் ஒரு பார்வையையும் ஒரு பாட்டையும் ஒரு பழைய சட்டையையும் வைத்துக்கொண்டு வாழப் பழகியவர்கள், யாராவது வெளிப்படையாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்குவதை நான் பரிகசிக்க மாட்டேன். உங்கள் கொண்டாட்டத்தையும் பரிகசிக்கவில்லை.

ஆனால் அந்த ஓவியருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை மன்னிப்பதற்கில்லை. உங்கள் கடிதத்தில் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோகிறீர்கள். ஒரு தொடரில் ஸ்டோரிபோர்டு வரைபவர், மற்றவர்கள் முடிவு செய்த கதையைக் கெடு தேதிக்குள் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பவர். அவர் வரைந்தது திரைக்கு வருவதற்குள் பல மாதங்கள், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிடும். நீங்கள் திட்டியபோது அவர் வேறு வேலைக்கே போயிருக்கலாம். யாரைக் கொல்வது, யாரை முத்தமிடவைப்பது என்பதெல்லாம் அவருடைய மேசைக்கு வருவதற்கு முன்பே மேல்மாடியில் முடிவாகிவிடும் விஷயங்கள். மேல்மாடிக்காரரின் முகவரி உங்களுக்குக் கிடைக்காது. கையில் அகப்பட்டவரை அடித்தீர்கள். ‘ஸ்டீவன் யுனிவர்ஸ்’ தன்பாலீர்ப்பைப் பரிவோடு சொன்ன தொடர்களில் முன்னணியில் இருப்பது. 2016இல் அதன் ஸ்டோரிபோர்டு கலைஞர் ஒருவர், எந்தப் பாத்திரத்தை யாரோடு ஜோடி சேர்ப்பது என்ற ரசிகர் சண்டையின் வசைகளைத் தாங்க முடியாமல் சமூக ஊடகத்தை விட்டே வெளியேறினார். பரிவைப் பற்றிய கதையின் ரசிகர்கள் செய்த காரியம் இது. தன் விருப்பப் பாத்திரத்துக்கு அநீதி நடந்துவிட்டது என்று நம்புபவரிடம் எந்தத் தடையும் இல்லாத ஒரு கொடுமை முளைத்துவிடுகிறது. தாம் நியாயத்தின் பக்கம் நிற்பதாக நினைப்பதால் அவருக்கு அது தெரிவதும் இல்லை.

இறக்கவே கூடாதா என்று கேட்டீர்கள். ‘தி 100’ தொடரில் 2016 மார்ச்சில் லெக்ஸா என்ற தன்பாலீர்ப்புப் பெண் பாத்திரத்தைக் கொன்றதன் ரணம் ரசிகர்களிடம் ஆறாதிருந்தது. ஆடமின் சாவு அதன் மேல் விழுந்தது. தொடரை நடத்திய ஜோவகீம் டோஸ் சாண்டோஸ் அந்த ஆகஸ்ட் மாதமே வருத்தம் தெரிவித்து ஒரு திறந்த மடல் எழுதினார். டிசம்பரில் வந்த எட்டாம் பருவத்தின் முடிவில், அதுவரை பின்னணியில் மட்டுமே நின்ற ஒருவரோடு ஷிரோவுக்குக் கல்யாணம் ஆவதைச் சில அசையாப் படங்களில் காட்டினார்கள். கொலைக்கு ஈடாகக் கல்யாணம்! ரசிகர்கள் அதை அவசர ஒட்டு என்றார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. யாரும் சாகக்கூடாது என்று கேட்டால் இப்படிப்பட்ட கல்யாணங்கள்தாம் கிடைக்கும். வாழ்ந்தவனாகக் காட்டிவிட்டுக் கொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

முடிந்தால் 2018 முதல் 2020 வரை வந்த ‘ஷீ-ரா அண்ட் த பிரின்சஸஸ் ஆஃப் பவர்’ தொடரைப் பாருங்கள். அதில் கேட்ரா பொறாமைக்காரி, துரோகி, ஒரு கட்டத்தில் உலகமே அழிந்தாலும் பரவாயில்லை என்று நெம்புகோலை இழுப்பவள். அவளுடைய கோபத்துக்கு அடியில் இருப்பது நாயகி அடோராவின் மேல் கொண்ட காதல் என்று கடைசிப் பருவத்தில் வெளிப்படும்போது, முந்தைய ஒவ்வொரு சண்டையும் வேறு அர்த்தம் கொள்கிறது. இவ்வளவு கொடுமை செய்தவள் காதலிக்கப்படலாமா என்று அதன் ரசிகர்களும் கட்சி பிரிந்து சண்டையிட்டார்கள். அது திரையில் நடந்ததைப் பற்றிய சண்டை, அதை நான் மதிக்கிறேன்.

அந்த ஓவியருக்கு எழுதியதை இன்னும் அழிக்க முடியுமானால் அழித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதவேண்டாம். அதையும் உட்கார்ந்து படிக்க வேண்டிய வேலை அவருக்கு எதற்கு?

அன்புடன்.