பெரிய டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எந்த ஸ்டாண்ட் நல்லது என்றுதான் பாதிப்பேர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாண்ட் உடைந்து டிவி விழுந்து நான் பார்த்ததில்லை, சுவரிலிருந்து ஸ்டாண்டோடு பெயர்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் சுவரைப் பற்றியே அதிகம் பேசப் போகிறேன்.

கேள்வி: அண்ணா, புது ஃபிளாட்டில் 65 இஞ்ச் டிவி மாட்டணும். சுவர் என்ன கல் என்று தெரியாது. ஸ்டாண்ட் பெட்டியில் வந்த பிளக்கும் (சுவர்த் துளைக்குள் அடிக்கிற பிளாஸ்டிக் உறை) ஸ்குரூவும் போதுமா?

பதில்: சுவர் தெரியாமல் போதும் என்று சொல்ல மாட்டேன் தம்பி. டிவி மறைக்கப் போகிற இடத்தில் 6 எம்எம் டிரில் பிட்டால் ஒரு துளை போட்டு, கொட்டுகிற தூளைப் பாருங்கள். முதல் ஒன்றரை செ.மீ. வரை வருவது பூச்சு, அதைப் பலத்தில் சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகு தூள் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் தூள் கொஞ்சங்கொஞ்சமாக வந்து பிட் திணறினால் கான்கிரீட். பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் நடுவில் பொள்ளலான ஹாலோ பிளாக். வெளிர் நிறத்தில் மாவு போலக் கொட்டி, அழுத்தாமலே பிட் உள்ளே போனால் அது ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான சிமெண்ட் கல்), இப்போது கட்டுகிற ஃபிளாட்டுகளில் நிறைய அதுதான்.

செங்கல்லும் கான்கிரீட்டும் என்றால் நல்ல தரமான 10 எம்எம் பிளக்கே தாங்கும், ஆனால் பிளக் முழுக்கப் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் உட்கார வேண்டும், இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற கலவையில் உட்காரக் கூடாது. துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகு பிளக்கை அடியுங்கள். ஏஏசி என்றால் பெட்டியில் வந்ததை எடுத்து ஓரமாக வையுங்கள். விரிந்து பிடிக்கிற இரும்பு ஆங்கர் போல்ட்டும் வேண்டாம், முறுக்க முறுக்க அது கல்லையே நொறுக்கும், கையில் இறுகுகிற மாதிரி இருக்கும், உள்ளே பிடிமானமே இருக்காது. டிரில்லில் இடித்துக்கொண்டே துளைக்கிற ஹேமர் மோடை அணைத்துவிட்டுத் துளை போட்டு, ஏஏசிக்கென்றே வருகிற நீளமான நைலான் பிளக் அல்லது கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசை நிரப்பி ஒட்டவைக்கிற போல்ட்) போடுங்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் உங்கள் அறைதான் என்றால், சுவரை ஊடுருவி திரெட் ராட் (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி) விட்டு, பின்பக்கம் அகலமான இரும்புப் பட்டை வைத்து நட்டு முறுக்குவதை விடப் பலமான வழி எனக்குத் தெரியாது. அழகைக் கெடுக்கும்தான், ஒரு படத்தை மாட்டி மறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 55 இஞ்ச் டிவி, 16 கிலோதான். வெளியே இழுத்துத் திருப்புகிற ஸ்டாண்ட் வாங்கியிருக்கிறேன், 35 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. நாலரை இஞ்ச் செங்கல் சுவர். பயமில்லையே?

பதில்: அந்த 35 கிலோ ஸ்டாண்டின் இரும்புக்குச் சொன்ன கணக்கு, உங்கள் சுவருக்குச் சொன்னதில்லை. ஸ்டாண்டின் கையை 50 செ.மீ. வெளியே இழுத்தால், சுவரில் இருக்கும் தகட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 16ஐ 50ஆல் பெருக்கி 20ஆல் வகுங்கள், 40 கிலோ வருகிறது. அவ்வளவு இழுவிசை மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும், ஸ்டாண்டின் கை எடையை இன்னும் சேர்க்கவில்லை. அதே டிவி சுவரை ஒட்டி 5 செ.மீ.யில் இருந்தால் இது வெறும் 4 கிலோ. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் தள்ளும்போதும் போல்ட் அசைந்துகொண்டே இருக்கும் என்பது வேறு. நாலரை இஞ்ச் சுவரில் பூச்சு உதிராமல், கல் விரிசல் இல்லாமல் இருந்தால் போடலாம், ஆனால் மேல் துளைகள் ஒவ்வொன்றும் முழுக்கல்லில் விழ வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விடுகிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே திருப்பிப் பார்க்கிற தேவை இல்லையென்றால் கடையில் கொடுத்துவிட்டுச் சாதாரண ஃபிக்ஸட் ஸ்டாண்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் துளை போட்டபோது பெரிதாகிவிட்டது, பிளக் சுற்றியது. தீக்குச்சி சொருகி முறுக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வாரமாக டிவி நிற்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: இன்றைக்கே இறக்குங்கள் அக்கா. காலண்டர் மாட்டுகிற ஆணிக்கு அது செல்லும், தலைக்கு மேலே தொங்குகிற கண்ணாடிக்குச் செல்லாது. அந்தத் துளையை 12 எம்எம் ஆக்கி அதற்கேற்ற பிளக்கும் தடித்த ஸ்குரூவும் போடச் சொல்லுங்கள். அதற்கும் பிடிக்கவில்லையென்றால் கெமிக்கல் ஆங்கர், இல்லாவிட்டால் தகட்டைக் கொஞ்சம் தள்ளிப் புதுத் துளை.

கேள்வி: ஹாலில் மர பேனல் அடித்து டிவி யூனிட் செய்திருக்கிறோம். கார்பெண்டர் பேனலிலேயே ஸ்டாண்டை முறுக்கலாம் என்கிறார்.

பதில்: 12 எம்எம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேல் மட்டும் முறுக்கினால், பேனலைச் சுவரில் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூக்களும் பசையும்தான் டிவியைச் சுமக்கும். பேனலையும் அதன் பின்னால் இருக்கும் காலியிடத்தையும் தாண்டிச் சுவருக்குள் போகிற நீள போல்ட் வேண்டும், காலியிடத்தில் பேனல் உள்வாங்காதபடி கட்டை வைத்து நிரப்ப வேண்டும். பேனல் அடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் இது பத்து நிமிட வேலை.

கேள்வி: டிவியோடு ஸ்டாண்டின் துளை பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: டிவிக்குப் பின்னால் நான்கு துளை இருக்கும். குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்று மி.மீட்டரில் அளந்தால் 400×300, 200×200 என்று வரும், இதற்குப் பெயர் வெசா அளவு, ஸ்டாண்ட் பெட்டியிலும் அதே எண் இருக்கும். பெரிய டிவிக்குப் பெரும்பாலும் எம்6 அல்லது எம்8 ஸ்குரூ (6 அல்லது 8 மி.மீ. தடிமன்). முதலில் கையாலேயே திருகுங்கள், ஐந்தாறு சுற்று ஏற வேண்டும். பாதியில் முட்டினால் விடுங்கள், நீளம் அதிகமானால் உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும்.

கேள்வி: சுவருக்குள் வயர் போகிறதே, துளை போடும்போது பட்டுவிடாதா?

பதில்: சுவிட்ச் போர்டுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இறங்கும். ஒயரிங் எடுத்தபோது பிடித்த போட்டோ இருந்தால் தேடி எடுங்கள். அப்புறம் அந்த அறைக்குக் கரண்ட் போகிற எம்சிபி சுவிட்சை அணைத்து, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள்.

கேள்வி: எவ்வளவு உயரம்?

பதில்: சோபாவில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம், டிவியின் நடுப்பகுதி அங்கே. பெரும்பாலான வீட்டில் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

கேள்வி: வாடகை வீடு, துளை போடவே கூடாது என்கிறார் ஓனர். இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: அப்படியானால் டிவியை மேசையோடு கட்டுங்கள். பின்பக்க வெசா துளைகளில் மேல் இரண்டில் பட்டையைப் பிடித்து, மறுமுனையை மேசையின் தடித்த பலகையில் முறுக்கிவிடலாம், இதற்கென்றே பட்டை விற்கிறது. மேசை லேசாக இருந்தால் அதுவும் டிவியோடு சேர்ந்து சாயும், ஆகவே கீழ்த்தட்டில் கனமான சாமானை அடுக்கி, மேசையின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். ரிமோட்டையும் பொம்மையையும் டிவி பக்கத்தில் உயரமாக வைக்காதீர்கள், குழந்தை ஏறுவது அதை எடுக்கத்தான்.